மூன்று மங்கு மாவு

இட்டிலி விஷயத்தில் நான் முன்கோபக்காரன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பவுனம்மாளைப் பற்றி எழுதப்போகும் இந்தக் கதையில் குற்றவாளி யார் என்று நீங்கள் தேடினால், பாதி வழியில் என் முன்னால்தான் வந்து நிற்பீர்கள்.

அது 1931. மலாயாவில் ரப்பர் விலை படுத்துவிட்டது. தோட்டங்களில் வேலை இல்லை என்று ஆட்களைக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ரயில்வே ஸ்டோரில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை, கல்யாணம் ஆகவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையில் குடியிருந்து, மூன்று வேளையும் இராமலிங்கம் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மெஸ் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. முன்பக்கம் நாலு பெஞ்சு, நடுவில் சமையல்கட்டு, அதற்குப் பின்னால் சாமி படமும் சாமான் பானைகளும் இருக்கும் உள்ளறை, கொல்லையில் ஆட்டுக்கல். முதலாளி இராமலிங்கம் அதிகம் பேசமாட்டார். அவர் பேசவேண்டியதையும் சேர்த்து அவர் மனைவி புஷ்பவல்லி பேசிவிடுவார். ஆனால் அந்த வீட்டு இட்டிலி இருக்கிறதே, அதற்காக செந்தூலிலிருந்து ஆட்கள் சைக்கிள் மிதித்து வந்தார்கள்.

அந்த ஜூலை மாதத் தொடக்கத்தில், ஒரே வாரத்தில் அந்த மெஸ்ஸில் பல காரியங்கள் நடந்தன. பல வருஷமாக மாவாட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டில் டைபாய்டு கண்டு, சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து, இனிமேல் கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் புழங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். புதிதாக ஒரு மூட்டை உளுந்து வந்தது. மாவாட்டப் புதிதாக ஓர் ஆளும் வந்தார். அவர்தான் பவுனம்மாள்.

நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு தகரப் பெட்டி. கணவர் வேலாயுதம் கோலாலம்பூரில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக்கூடத்தில் கோழி, முயல், எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். நெஞ்சுவலி வந்து போய்ச்சேர்ந்துவிட்டார். குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஒரே மகள் இராஜம்மா கிள்ளானில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அங்கே ஒரே அறையில் மாமனார், மாமியார், கொழுந்தன்கள் என்று ஆறு பேர். ஏழாவதாகப் போய் உட்கார இந்த அம்மாளுக்கு மனசு வரவில்லை. கொல்லைப்பக்கத்துச் சின்ன அறையில் படுத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் இராமலிங்கம் வேலைக்கு வைத்தார்.

அவர் வந்த மறுநாள் இட்டிலி கெட்டது.

கெட்டது என்றால் சாதாரணமாக அல்ல. தட்டையாக, வெளிறிப்போய், பிய்த்தால் பிய்யாமல் வந்தது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. பெஞ்சில் இருந்தபடியே சத்தமாகச் சொன்னேன்:

"என்ன முதலாளி, ஆள மாத்தினீங்க, இட்டிலி செத்தே போச்சு! ராசி இல்லாத கை போல லா."

நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கன். ராசி, சகுனம் எல்லாம் எங்களுக்குக் கிடையாது என்று ஆபீசில் பீற்றிக்கொள்கிறவன். ஆனாலும் அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. சொன்ன எனக்கு அது அந்த நிமிஷமே மறந்துபோனது. புஷ்பவல்லி அம்மாளுக்கு மறக்கவில்லை. தாலி இழந்தவள் கை பட்டதால்தான் மாவு பொங்க மறுக்கிறது என்று அன்று மாலைக்குள் தெருவே பேச ஆரம்பித்துவிட்டது.

மாதத்தின் நடுவில் இராமலிங்கம் பவுனம்மாளைக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே, மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்.

அன்று சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைக்குப் போனேன். பவுனம்மாள் ஆட்டுக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"கிராணியாரே, ஒரு நோட்டும் பென்சிலும் கிடைக்குமா?"

"எதுக்கு அக்கா?"

"என் கைதான்னு முதல்ல சொன்னது நீங்கதானே. அப்ப எழுதுறதும் நீங்கதான் எழுதணும்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. பிறகு விஷயத்தைச் சொன்னார். அவர் தம்பி கன்னையா டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தான். அவனையும் ஊருக்கு அனுப்புகிறார்கள். அக்காளுக்கு வேலை போகிறது என்று கேள்விப்பட்டு, அவர் பெயரையும் கப்பலுக்குக் கொடுத்துவிட்டான். முப்பதாம் தேதி காலை வந்து அழைத்துப்போவான். முப்பத்தொன்றாம் தேதி கப்பல்.

"ஊர்ல எனக்கு யாரு இருக்கா? அஞ்சு வயசுல வந்தவ. பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் கிடையாது. இங்க எம் பொண்ணுக்கு இன்னும் மூணு மாசத்துல பிரசவம். கிள்ளானுக்கு ரயில் ஏறினா ஒன்றரை மணி நேரத்துல போயிடுவேன். கப்பல் ஏறிட்டா எப்படிப் போறது?"

"நான் முதலாளிகிட்ட பேசறேன் அக்கா," என்றேன்.

"பேசினா மாவு பொங்குமா? என் கைதான் காரணம்னா நான் போயிடறேன். இல்லன்னா வேற எதுன்னு தெரியணும். எங்க வூட்டுக்காரரு வேலை பாத்த எடத்துல டாக்டருங்க ஒண்ணு செய்வாங்க. ரெண்டு கூண்டு கோழி. ஒரே வயசு, ஒரே தண்ணி, ஒரே வெயில். ஒரு கூண்டுக்கு வெள்ளரிசி, இன்னொண்ணுக்குப் புழுங்கலரிசி. அரிசிய மட்டுந்தான் மாத்துவாங்க. கொஞ்ச நாள்ல வெள்ளரிசி தின்ன கோழிக்குக் கால் விளங்காது, நிக்க முடியாம சாயும். அப்ப அரிசிதான் காரணம்னு தெரியும். எல்லாத்தையும் ஒண்ணுபோல வச்சு, ஒண்ண மட்டும் மாத்தணும்னு அவரு சொல்லுவாரு."

மறுநாள் ஆபீசிலிருந்து ஒரு நோட்டோடு வந்தேன். சொந்தக் காசில் வாங்கியது என்று சொல்ல எனக்கு ஆசைதான். சொந்தக் காசு இல்லை. ரயில்வே நோட்டுதான்.

முதல் சோதனை கைக்கு. நீல விளிம்பு போட்ட மூன்று மங்குகளை, அதாவது எனாமல் கிண்ணங்களை, எடுத்துக்கொண்டோம். மூன்றும் ஒரே அளவு. ஒரே மாவு, ஒரே அளவு உப்பு. ஒன்றில் பவுனக்கா கை விட்டுக் கலக்குவார். ஒன்றில் புஷ்பவல்லி அம்மாள்.

"மூணாவது?" என்றேன்.

"நீங்க."

"நான் ஆம்பள, அதோட வேதக்காரன்."

"மாவுக்கு அது தெரியாது. கைய நல்லா கழுவிட்டு வாங்க."

எந்த மங்கு யாருடையது என்று அடியில் கரியால் குறி போட்டு, இராமலிங்கத்தை விட்டு இடம் மாற்றி அடுக்கச் சொன்னோம். காலையில் திறந்து பார்க்கும்போது யாருக்கும் தெரியக்கூடாது என்பது பவுனக்காவின் கண்டிப்பு. தெரிந்தால் கண் பார்ப்பதை விட்டுவிட்டு, மனசு பார்க்க ஆரம்பித்துவிடுமாம். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை மாவில் விட்டு, உயரம் பார்த்து நகத்தால் கீறி வைத்தார்.

விடிந்ததும் திறந்தோம். மூன்றிலும் மாவு கீறல் மட்டத்திலேயே நின்றது. சுமங்கலி கை, விதவை கை, கிராணி கை, மூன்றும் ஒன்றுதான். நான் சிரித்துவிட்டேன்.

புஷ்பவல்லி அம்மாள் சிரிக்கவில்லை. "ஆட்டினது அவதானே," என்றார்.

சரி என்று அன்று புஷ்பவல்லி அம்மாளே ஒரு கை அரிசியும் உளுந்தும் போட்டு ஆட்டினார். அதுவும் பொங்கவில்லை.

"இந்தக் கூரைக்குக் கீழ அவ இருக்காளே, அது போதாதா?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எது நடந்தாலும் தோற்காத பேச்சு அது. பொங்காவிட்டால் பவுனம்மாள் இருப்பதால். பொங்கினால் அன்றைக்கு அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால். இப்படிப் பேசுகிறவரை எந்தக் கோர்ட்டில் ஜெயிப்பது? நான் ஏதோ கத்த வாயெடுத்தேன். பவுனக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"முதலாளியம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எது நடந்தா என்னால இல்லன்னு நீங்க ஒத்துக்குவீங்க? இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் மாத்தக் கூடாது."

புஷ்பவல்லி அம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். பிடிவாதக்காரரே ஒழிய அநியாயக்காரர் இல்லை.

"நீ இந்த வீட்டுல இருக்கணும். ஒன் கையாலதான் கலக்கணும். அப்படிக் கலக்கி மூணு நாள் தொடர்ந்து மாவு பொங்கட்டும். ஒரு நாள் பத்தாது, ஒரு நாள் எதுவும் நடக்கும். மூணு நாள். அப்ப ஒத்துக்கிறேன்."

"கிராணியாரே, எழுதிக்குங்க," என்றார் பவுனக்கா. நான் எழுதிக்கொண்டேன். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவர் வந்த அதே வாரத்தில் வேறு என்னென்ன மாறியது என்று என்னை வரிசையாக எழுதச் சொன்னார். இன்ஸ்பெக்டர் உத்தரவுப்படி காய்ச்சின தண்ணீர் ஒன்று. புது மூட்டை உளுந்து ஒன்று. அந்த மாதம் மழை அதிகம், குளிர்ச்சி ஒன்று.

ஆட்டும்போது ஒரு பங்குக்குக் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரும் இன்னொரு பங்குக்குக் குழாய்த் தண்ணீரும் விட்டுப் பார்த்தோம். இரண்டும் பொங்கவில்லை. வேறு கடையில் உளுந்து வாங்கிவந்து புஷ்பவல்லி அம்மாளிடம் கொடுத்து ஊறப்போடச் சொன்னோம். அதுவும் பொங்கவில்லை. ஒரு மங்கை அடுப்பின் பக்கத்திலும் ஒன்றை ஜன்னலருகிலும் வைத்தோம். அடுப்பருகே வைத்தது லேசாகப் புளித்ததே ஒழிய எழும்பவில்லை. தேதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, இப்படி ஒண்ணொண்ணா பாத்தா கப்பல் வந்துடும். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திப் பாத்துடலாம்," என்றேன்.

"பொங்கிட்டா எதுனால பொங்குச்சுன்னு எப்படித் தெரியும்?"

"பொங்கினா சரிதானே! எதுனாலன்னு யாருக்கு வேணும்?"

"எனக்கு வேணும்," என்றார். "தெரியாம பொங்கினா, தெரியாமலே மறுபடி நின்னுபோகும். அப்ப மறுபடி என் கைன்னுதான் சொல்லுவாங்க."

அவர் சொன்னது நியாயம். ஆனால் எனக்குப் பொறுமை இல்லை. இருபத்தேழாம் தேதி மாலை நான் ஒரு காரியம் செய்தேன்.

எங்கள் வீட்டில் ஆப்ப மாவுக்குக் கொஞ்சம் கள் விடுவது வழக்கம். வேதக்காரர் வீடுகளில் கிறிஸ்துமஸ் காலை ஆப்பம் அப்படித்தான் பூப்பூவாக எழும்பும். அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கள்ளுக்கடையில் ஒரு சின்னக் குப்பி வாங்கினேன். பவுனக்கா கலக்கி வைத்துவிட்டு மெஸ் முன்பக்கம் பெருக்கப் போன சமயம், அவருடைய மங்கில் இரண்டு கரண்டி விட்டுக் கிளறிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. புண்ணியம் செய்ததாகவே நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.

இருபத்தெட்டாம் தேதி காலையில் பவுனக்காவின் மங்கில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து நின்றது. இராமலிங்கம் முதன்முறையாகச் சத்தம் போட்டுப் பேசினார்: "புஷ்பம், வந்து பாரு! வந்து பாரு!" பெஞ்சில் இருந்த இரண்டு ரயில்வேக்காரர்கள் எழுந்து உள்ளே வந்துவிட்டார்கள். புஷ்பவல்லி அம்மாள் மங்கைப் பார்த்தார், பவுனக்காவைப் பார்த்தார். முகம் இளகியது. "சரி, இது ஒரு நாள்," என்றார். அந்தக் குரலைக் கேட்டால், மூன்று நாள் கணக்கெல்லாம் இனி பெரிய விஷயமில்லை என்று யாருக்கும் தெரிந்திருக்கும்.

பவுனக்கா கிட்டே வந்தார். மங்கைக் கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். மெதுவாகக் கீழே வைத்தார்.

"இது கணக்குல சேராது," என்றார். "இதுல கள்ளு விழுந்திருக்கு."

இராமலிங்கத்தின் முகம் சிவந்தது. "ஏம்மா, நீயே ஊத்திட்டு நீயே சொல்றியா?"

அப்போதுகூட நான் உடனே வாய் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். பவுனக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான்தான் ஊத்தினேன்," என்றேன். "அக்காவுக்குத் தெரியாது. அவங்க போகக்கூடாதுன்னு..."

ரயில்வேக்காரர்கள் சத்தமில்லாமல் பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். பவுனக்கா மங்கை எடுத்துக் கொல்லைப் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். மாவைக் குப்பைக் குழியில் கொட்டினார்.

"கோவமா அக்கா?"

"எங்க வூட்டுக்காரரும் ஒரு தடவ இப்படிச் செஞ்சாரு. வெள்ளரிசி கூண்டுல ஒரு கோழி சாகக் கிடந்துச்சு. பாக்கப் பொறுக்காம, மத்த கூண்டு அரிசிய ஒரு கை அள்ளிப் போட்டுட்டாரு. கோழி எழுந்து நடந்துச்சு. டாக்டருங்களுக்கு ஒண்ணும் புரியல. நாலு நாள் கழிச்சு இவரே போய் ஒத்துக்கிட்டாரு. வேல போயிடும்னு நெனச்சேன், போகல. ஆனா அந்த நாலு நாள் எழுதினதெல்லாம் வீணாப் போச்சு." மங்கைக் கழுவிக் கவிழ்த்தார். "நல்ல மனசுல செஞ்சீங்க. எனக்குத் தெரியும். ஆனா ஒரு நாள் போச்சு கிராணியாரே. இனி எனக்கு இருக்கறது ரெண்டே நாள்."

அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது, கொல்லையில் நான் எதிர்பார்க்காத காட்சி. புஷ்பவல்லி அம்மாள் ஆட்டுக்கல் பக்கத்தில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். பவுனக்காவுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"ஜெயராஜு, நீயும் கேளு," என்று என்னைக் கூப்பிட்டார். "காலையில அந்த மாவ அவ பேசாம ஒத்துக்கிட்டிருந்தா இங்கயே இருந்திருப்பா. நானும் விட்டிருப்பேன். ஏன் கொட்டினான்னு காலையிலேர்ந்து யோசிக்கிறேன். தனக்கே கெடுதல் வந்தாலும் நடந்தத நடந்தபடி சொல்றவகிட்ட நானும் சொல்லாம இருக்கக் கூடாது." நிறுத்தினார். "ஊறப்போடறது நான்தானே? உளுந்து உள்ளறையில இருக்கு. சாமி இருக்கற எடம்னு இவள உள்ள விடல. அரிசிய மட்டும் இவ கொல்லையில ஊறப்போடறா. இன்ஸ்பெக்டர் காய்ச்சின தண்ணிதான் புழங்கணும்னு சொன்னாரில்ல? நான் அடுப்புலேர்ந்து எறக்கினதும் கொதிக்கக் கொதிக்க உளுந்துல ஊத்திடறேன். ஆற விடறதில்ல."

"ஏன் முதலாளியம்மா?"

"ஆறினா மறுபடி ஏதாச்சும் விழுந்துடுமோன்னு பயம். எம் பையன் டைபாய்டுலதானே போனான்."

அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். இரண்டு வருஷத்துக்கு முன், எட்டு வயதில். ஆனால் அந்த அம்மாள் அதைத் தன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. பவுனக்கா கையில் இருந்த மாவைத் துடைத்துவிட்டு, புஷ்பவல்லி அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு பவுனக்கா கேட்டார்: "முன்ன இருந்த அம்மா எப்படி ஊறப்போட்டாங்க?"

"குழாய்த் தண்ணியில. அவளேதான் ஊறப்போடுவா. அவ போன பெறகுதான் நான்."

பவுனக்கா என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே நோட்டைப் பிரித்துவிட்டேன். பத்து நாளாக நாங்கள் எதை எதையோ மாற்றிப் பார்த்தோம். வேறு கடை உளுந்தும் அந்த உள்ளறைக்குள் போய்த்தான் வந்தது. புஷ்பவல்லி அம்மாள் தானே ஆட்டிய உளுந்தும் அங்கிருந்துதான் வந்தது. அந்தக் கதவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் பவுனக்காவுக்கு வழி இல்லாமல் போயிற்று.

இருபத்தொன்பதாம் தேதி காலை மூன்று மங்குகளில் உளுந்து போட்டார்கள். ஒரே மூட்டை, ஒரே படி அளவு. ஒன்றில் குழாய்த் தண்ணீர். ஒன்றில் காய்ச்சி நன்றாக ஆற வைத்த தண்ணீர். ஒன்றில் கொதிக்கிற தண்ணீர். மூன்றையும் தனித்தனியாக, நடுவில் ஆட்டுக்கல்லைக் கழுவிக் கழுவி, பவுனக்காவே ஆட்டினார். மூன்றையும் அவர் கையாலேயே உப்புப் போட்டுக் கலக்கினார். அடியில் கரிக்குறி, ஈர்க்கில் கீறல், இராமலிங்கம் அடுக்கி வைத்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றேன். ஒருத்தரும் என்னை நம்பவில்லை.

"திறக்கறதுக்கு முன்னாடி நான் நெனக்கிறத எழுதிக்குங்க," என்றார் பவுனக்கா. "குழாய்த் தண்ணி பொங்கும். மத்த ரெண்டும் பொங்காது. தண்ணியக் காய்ச்சினாலே அதுல உள்ள உசிரு போயிடுதுன்னு நெனக்கிறேன்."

எழுதினேன்.

முப்பதாம் தேதி காலை நான் மெஸ்ஸுக்குப் போனபோது வாசலில் கன்னையா நின்றுகொண்டிருந்தான். முதல் ரயிலில் வந்திருந்தான். தோளில் மூட்டை, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. பவுனக்காவின் தகரப் பெட்டி கயிறு கட்டித் தயாராக வாசற்படியில் இருந்தது.

"அக்கா, நேரம் ஆவுது. பதினோரு மணிக்குள்ள கப்பல் டிப்போவுல பேர் குடுக்கணும்."

"செத்த இரு தம்பி. மூணு மங்கு இருக்கு, பாத்துட்டு வரேன்."

எல்லாரும் சமையல்கட்டில் நின்றோம். இராமலிங்கம் மூடிகளை எடுத்தார். முதல் மங்கு, விளிம்புவரை நுரைத்து எழும்பியிருந்தது. இரண்டாவது மங்கு, கீறல் மட்டத்தில் அப்படியே கிடந்தது. மூன்றாவதும் விளிம்புவரை எழும்பியிருந்தது. ஈர்க்கை விட்டுப் பார்த்தார்கள். பொங்கிய இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம்.

பவுனக்கா ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைப் பார்த்தார். பொங்காதது கொதிநீர். பொங்கியது ஒன்று குழாய்த் தண்ணீர். இன்னொன்று, காய்ச்சி ஆறிய தண்ணீர்.

அவர் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியாது. வேலை நிலைத்ததற்காக மலர்ந்தது என்று நினைத்தேன். இல்லை.

"நான் நெனச்சது தப்பு!" என்றார். "காய்ச்சின தண்ணியில குத்தம் இல்ல. சூடுதான். தப்புன்னு எழுதுங்க கிராணியாரே, நல்லா பெருசா எழுதுங்க. முதலாளியம்மா, நீங்க பாட்டுக்குத் தண்ணியக் காய்ச்சுங்க. மூடி வச்சு ஆற விடுங்க, ஒண்ணும் விழாது. ஆறின பெறகு ஊத்துங்க."

"சூட்டுல என்னதான் ஆவுது?" என்று கேட்டார் இராமலிங்கம்.

"உளுந்துல ஏதோ உசிரு ஒட்டிட்டு இருக்கு போல. அதுதான் மாவத் தூக்குது. கொதிதண்ணியில அது செத்துப்போகுது. ஆனா அது என் யோசனைதான், கண்ணால பாத்தது இல்ல. எழுதினா தனியா எழுதுங்க."

தனியாக எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வாசலில் கன்னையா மறுபடி குரல் கொடுத்தான். பவுனக்காவின் முகம் மாறியது. பேசிய பேச்சு அவருக்கு மறக்கவில்லை. மூன்று நாள் தொடர்ந்து பொங்கவேண்டும். பொங்கியது ஒரு நாள். நாளைக்குக் கப்பல். அவர் மங்குகளை வரிசையாக வைத்தார், கையைத் துடைத்துக்கொண்டார், புஷ்பவல்லி அம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வரேன் முதலாளியம்மா. காரணம் தெரிஞ்சுபோச்சு, அது போதும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. புஷ்பவல்லி அம்மாள் விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். அவர் கன்னையாவின் முன்னால் போய் நின்றார். குனிந்து, வாசற்படியில் இருந்த தகரப் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, நீ போயிட்டு வா. ஒன் அக்கா இப்ப வர முடியாது."

"அம்மா, கப்பல் நாளைக்கு..."

"கப்பல் போகட்டும். மூணு நாள் பாக்கணும்னு பேச்சு. நோட்டுல எழுதியிருக்கு, வேணும்னா கிராணியக் கேளு. ஒரு நாள்தான் ஆயிருக்கு. இன்னும் ரெண்டு நாள் பாக்காம யாரும் எங்கயும் போகக் கூடாது."

கன்னையா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். பிறகு அக்காளைப் பார்த்தான். பவுனக்கா தலையை ஆட்டினார். அவனும் ஆட்டினான். இராமலிங்கம் அவனைக் கைப்பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்து, இலை போட்டார். பொங்கிய இரண்டு மங்கு மாவும் அப்படியே இட்டிலித் தட்டுக்குப் போயிற்று. அவன் பத்து தின்றான். நான் எட்டு.

புஷ்பவல்லி அம்மாள் தகரப் பெட்டியோடு சமையல்கட்டைத் தாண்டிப் போனவர், உள்ளறைக் கதவருகில் நின்று திரும்பினார்.

"பவுனு, என்ன அங்கயே நிக்கற? உள்ள வா. நாளைக்கு மாவுக்கு இப்ப உளுந்து ஊறப்போடணும். தண்ணி ஆறிடுச்சான்னு நீ வந்து தொட்டுப் பாத்து சொல்லு."

பவுனக்கா ஒரு நிமிஷம் உள்ளறை வாசற்படியில் தயங்கினார். பிறகு காலை எடுத்து உள்ளே வைத்தார். நான் இலையில் கையை வைத்தபடியே இடது கையால் நோட்டைப் பிரித்து, தேதி போட்டு, 'முதல் நாள்' என்று எழுதினேன்.